முதலில் சேர்ந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும் பழைய ராக் குழுக்கள்: யார் யார் மிச்சம்?

பழையகேசட்:

வணக்கம் நண்பர்களே. பல நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. 60களிலும் 70களிலும் தொடங்கிய ராக் குழுக்களில், தொடங்கியபோது இருந்த அத்தனை பேரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற குழுக்கள் எவை? குழு கலைந்து போயிருக்கலாம், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2025 தொடக்கத்தில் கேட்டிருந்தால் யோசிக்காமல் இரண்டு பெயர் சொல்லியிருப்பேன்: பிளாக் சபாத், கிஸ். ஜூலை 22ல் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் போனார். அக்டோபர் 16ல் கிஸ் கிட்டார்காரர் ஏஸ் ஃப்ரேலி போனார். மூன்றே மாதத்தில் இரண்டு குழுவும் பட்டியலை விட்டுப் போய்விட்டன. அன்றிலிருந்து யார் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

இது எவ்வளவு அரிது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரிகிறது. பீட்டில்ஸில் இரண்டு பேர், தி ஹூவில் இரண்டு பேர். லெட் செப்பலினில் ஜான் பானம் 1980லேயே போய்விட்டார், குயீனில் ஃப்ரெடி 1991ல். ஈகிள்ஸில் க்ளென் ஃப்ரை 2016ல், ராண்டி மைஸ்னர் 2023ல். ராமோன்ஸின் முதல் நான்கு பேரில் ஒருவர்கூட இல்லை, 2014ல் டாமியோடு அந்த வீடே காலி.

என் கையில் இப்போதைக்கு இரண்டுதான்: யூ2, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

ஆறுதந்தி:

ஜெனிசிஸை எப்படி விட்டீர்கள் அண்ணா? 1967ல் இங்கிலாந்தில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கூடத்துப் பையன்களாகச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். பீட்டர் கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்ட், அந்தோனி ஃபிலிப்ஸ், டிரம்ஸில் கிறிஸ் ஸ்டீவர்ட். ஐந்து பேரும் இருக்கிறார்கள்.

இந்தக் கிறிஸ் ஸ்டீவர்ட் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாளம் சரியில்லை என்று 1968ல் அனுப்பிவிட்டார்கள். மனிதர் பிற்பாடு ஸ்பெயினுக்குப் போய், அண்டலூசியா மலைப்பக்கம் ஒரு பண்ணை வாங்கி, ஆடு வளர்த்து, அந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அது நன்றாக விற்றது. அவரை அனுப்பிய குழு உலகம் முழுக்க ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பியது. இரண்டு பக்கமும் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

கீழ்ஸ்தாயி:

ஆறுதந்தி, இங்கேதான் சிக்கல். கிறிஸ் ஸ்டீவர்ட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெனிசிஸ் என்றால் மக்கள் நினைப்பது 1970ல் வந்த ஃபில் காலின்ஸையும் 1971ல் வந்த ஸ்டீவ் ஹாக்கெட்டையும். அவர்கள் இருவரும் இருக்கிறார்கள், சரி. ஆனால் நடுவில் இரண்டாவது ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்த ஜான் மேஹியூ 2009ல் இறந்துவிட்டார். முதல் ஐவரை மட்டும் எண்ணினால் ஜெனிசிஸ் தேறும். குழுவில் இருந்த எல்லாரையும் எண்ணினால் தேறாது.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு மெட்டாலிகா. 1981ல் தொடங்கியபோது இருந்த ஹெட்ஃபீல்ட், உல்ரிக், அப்புறம் வந்து சேர்ந்த முஸ்டெய்ன், முதல் பேஸ் கிட்டார்காரர் ரான் மெகாவ்னி, எல்லாரும் இருக்கிறார்கள். க்ளிஃப் பர்ட்டன் அதற்குப் பிறகு வந்த பேஸ்காரர். அவர் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தார். விதிப்படி பார்த்தால் மெட்டாலிகா பட்டியலில் உட்கார்ந்துவிடும். ஆனால் நானும் பேஸ் வாசிக்கிறவன், க்ளிஃப் இல்லாத ஒரு குழுவை 'எல்லாரும் இருக்கிறார்கள்' என்று எழுத எனக்குக் கை வராது.

கன்ஸ் என் ரோசஸ் இதற்கு நேர் எதிர். எல்லாருக்கும் தெரிந்த ஐந்து பேர், ஆக்ஸல், ஸ்லாஷ், இஸி, டஃப், ஆட்லர், ஐவரும் உயிரோடு. ஆனால் 1985ல் குழு தொடங்கியபோது பேஸ் வாசித்தவர் ஓலே பைக் என்ற டென்மார்க்காரர், 1991ல் இறந்துவிட்டார். அப்படியானால் கணக்கு எது? தொடங்கிய நாளா, முதல் ஆல்பமா?

பழையகேசட்:

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றுவது இது: முதல் ஆல்பத்தில் வாசித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் வந்துவிட்டுப் போனவரையெல்லாம் எண்ணினால் எந்தக் குழுவுக்கும் முடிவே இருக்காது. பிளாக் சபாத்தே 1968ல் ஆறு பேராகத் தொடங்கியது, ஸ்லைடு கிட்டார்காரர் ஒருவரும் சாக்ஸபோன்காரர் ஒருவரும் இருந்தார்கள். அந்த ஆறு பேரை யாரும் சபாத் என்று சொல்வதில்லை.

ஆனால் க்ளிஃப் விஷயத்தில் இந்த விதி உங்கள் பக்கம்தான். முதல் ஆல்பத்தில் அவர் இருக்கிறார். மெட்டாலிகா வெளியே. கன்ஸ் என் ரோசஸ் உள்ளே.

ஆறுதந்தி:

அப்படிப் பார்த்தால் ஜெனிசிஸ் முதல் ஆல்பத்தில் வாசித்தது கிறிஸ் ஸ்டீவர்ட் இல்லையே, அவருக்கு அடுத்து வந்த ஜான் சில்வர்தானே பெரும்பாலும். விதி போட்டவுடனே என் குழுவின் தலையில் கை வைக்கிறீர்கள். நான் தொடங்கிய நாள் விதியிலேயே இருக்கிறேன்.

தாளக்கட்டு:

விதியை அப்புறம் பார்ப்போம். சபாத் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த இழையைத் தாண்டிப் போக முடியாது.

2025 ஜூலை 5. பர்மிங்ஹாம், வில்லா பார்க் மைதானம். சபாத் நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதி. நேரடி ஒளிபரப்பை இரண்டு மணி நேரம் தள்ளித்தான் விட்டார்கள், அதனால் இங்கே சபாத் மேடையேறியபோது விடிந்துகொண்டிருந்தது. நான் காசு கட்டி, இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஓஸிக்குப் பார்க்கின்சன் நோய், நிற்க முடியாது, கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். நான்கே பாட்டு. ஆனால் நான் ஓஸியை விட அதிகமாகப் பார்த்தது பின்னால் டிரம்ஸில் இருந்த பில் வார்டைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். சபாத் 2011ல் மறுபடி சேர்ந்தபோது நால்வரும் வருவதாகத்தான் அறிவித்தார்கள். ஒப்பந்தத்தில் தகராறு, வார்ட் விலகினார். 2013ல் புது ஆல்பம் வந்தது, வேறு ஒருவர் டிரம்ஸ். 2017 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி என்று நடத்தினார்கள், அதிலும் வார்ட் இல்லை. யோசித்துப் பாருங்கள், நால்வரும் உயிரோடு, நால்வருக்கும் அதே ஊர் சொந்த ஊர், ஆனால் மேடையில் மூன்று பேர். 2005க்குப் பிறகு இருபது வருடம் அந்த நால்வர் ஒன்றாக வாசிக்கவே இல்லை.

வாசிக்கிறவனுக்குத் தெரியும், வார்ட் போனால் சபாத்தில் என்ன போகும் என்று. அவர் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தது ஜீன் க்ரூபா, பட்டி ரிச் மாதிரி ஜாஸ் ஆட்கள். அவர் வாசிப்பு கடிகாரம் மாதிரி ஓடாது, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, ஊஞ்சல் மாதிரி ஆடும். கிட்டார் ஒரு வாக்கியம் பேசி முடித்தவுடன் அந்த இடைவெளியில் டாம்டாமில் பதில் சொல்வார். மற்ற டிரம்மர்கள் அவரைவிடச் சுத்தமாக வாசித்தார்கள், மறுக்கவில்லை. அந்தச் சுத்தத்தில்தான் பாட்டு விறைத்துப் போனது.

வில்லா பார்க்கில் 77 வயது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசித்தார். சில இடங்களில் தாளம் தடுமாறியது. எனக்கு அது காதில் விழுந்தது, ஆனாலும் அழுதுகொண்டுதான் கேட்டேன். பதினேழாவது நாள் ஓஸி இல்லை.

ஆறுதந்தி:

தாளக்கட்டு அண்ணா, நீங்கள் வார்டைப் பார்த்தீர்கள், நான் டோனி அயோமியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கை. பதினேழு வயதில் தகரத் தகடு ஆலையில் வேலை, அதுதான் அவருடைய கடைசி நாள், வராத ஆளுக்குப் பதிலாக வேறு இயந்திரத்தில் நிற்க வைத்தார்கள். நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டது. இனி கிட்டார் இல்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரலுக்குப் போடும் தொப்பி மாதிரி செய்து, அது தந்தியில் வழுக்காமல் இருக்கப் பழைய தோல் கோட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். அந்த விரல் தொப்பியில் தந்தி படுவது கூடத் தெரியாது, அதனால் காதை நம்பித்தான் அழுத்த வேண்டும். கனமான தந்தி வலித்ததால் மெல்லிய தந்தி போட்டார். மூன்றாவது ஆல்பத்தில் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். சுருதி இறங்கியதும் அந்த இருண்ட, கனத்த சத்தம் இன்னும் கனத்தது. ஹெவி மெட்டல் என்று இன்றைக்கு உலகம் முழுக்க வாசிக்கிறார்களே, அதன் வேரில் ஒரு ஆலை விபத்து இருக்கிறது.

அதனால்தான் முதலில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு எனக்கு முக்கியம். அந்தச் சத்தம் அந்த உடம்புகளிலிருந்து வந்தது. அந்த விரல், வார்டின் அந்தச் சாய்வு, கீசர் பட்லரின் பேஸ், ஓஸியின் அந்தக் குரல். இன்னொருவர் நோட்டு தவறாமல் வாசிக்கலாம், ஆனால் அந்த விரல் அவரிடம் இல்லையே.

மெல்லிசைப்பிரியை:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. சரி, நான் ஒரு பெயர் சேர்க்கிறேன், யாரும் சொல்லவில்லை: 10சிசி. 1972ல் ஸ்டாக்போர்ட்டில் தொடங்கியது. எரிக் ஸ்டீவர்ட், கிரஹாம் கோல்ட்மன், கெவின் காட்லி, லால் க்ரீம். நால்வரும் இருக்கிறார்கள். முதல் ஆல்பத்திலும் இதே நால்வர், அதனால் எந்த விதியிலும் தேறும்.

1975ல் வந்த அவர்களுடைய 'ஐ'ம் நாட் இன் லவ்' பாட்டில் பின்னால் பனி மாதிரி ஒரு கோரஸ் மிதக்கும், கேட்டிருப்பீர்கள். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. மூன்று பேர் மைக் முன்னால் நின்று 'ஆ' என்று ஒரே ஸ்வரத்தைப் பதினாறு முறை பாடிப் பதிந்தார்கள். ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அப்படியே ஒவ்வொரு ஸ்வரமாக ஸ்தாயி முழுக்க. மூன்று வாரம் இதே வேலை! பிறகு ஒவ்வொன்றையும் நீளமான டேப் வளையமாக ஒட்டி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டு, ஒலிக்கலவை மேசையின் நெம்புகோல்களையே ஹார்மோனியக் கட்டை மாதிரி ஏற்றி இறக்கி வாசித்தார்கள். நான்கு பேரும் மேசையில் ஆளுக்குச் சில நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எட்டுக் கைகள் ஒரே மேசையில் இருப்பது கண்ணில் தெரியும்.

மறு வருடமே காட்லியும் க்ரீமும் பிரிந்து போய்விட்டார்கள். குழு பெயர் தொடர்ந்தது, பெரிய வெற்றிகூட வந்தது. ஆனால் அந்த எட்டுக் கைகள் மறுபடி அப்படிச் சேரவில்லை. ஐம்பது வருடமாக நால்வரும் உயிரோடு.

இரவுவானொலி:

அருமை மெல்லிசைப்பிரியை. என் பங்குக்கு வேகமாகச் சில: தி போலீஸ் தேறும். ஸ்டிங், ஸ்டூவர்ட் கோப்லண்ட், முதல் கிட்டார்காரர் ஆன்ரி பதோவானி, அவருக்குப் பதில் வந்த ஆண்டி சம்மர்ஸ், நால்வரும் உண்டு. சம்மர்ஸ் 1942ல் பிறந்தவர். டாக்கிங் ஹெட்ஸ் தேறும், நால்வர். அமெரிக்காவின் கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோட், மூன்று பேரும் உண்டு, 1971ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தை 72 மணி நேரத்தில் விற்றுத் தீர்த்தவர்கள், ஆனால் பாடகர் மார்க் ஃபார்னர் பல வருடமாக மற்ற இருவரோடு இல்லை. ஏரோஸ்மித்தின் எல்லாருக்கும் தெரிந்த ஐவரும் இருக்கிறார்கள், ஸ்டீவன் டைலர் குரலில் பட்ட காயம் ஆறாமல் 2024ல் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆர்.இ.எம். 1980ல் தொடங்கியது, பழையகேசட் அண்ணா வைத்த எல்லைக்கு ஒரு விரற்கடை வெளியே. ஆனாலும் அவர்களைச் சொல்லியே ஆக வேண்டும். 1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தில் லோசானில் கச்சேரி. நடுவில் டிரம்மர் பில் பெரிக்குத் தலைவலி தாங்க முடியவில்லை, எழுந்து போய்விட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிழைத்தார், திரும்பி வந்து அந்தச் சுற்றுப்பயணத்தை முடித்தும் கொடுத்தார். 1997ல் போதும் என்று விலகி ஜார்ஜியாவில் வைக்கோல் பயிரிடப் போய்விட்டார். தான் போவதால் குழு கலைந்துவிடக் கூடாது, கலைவதாக இருந்தால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மற்ற மூவரும் 2011 வரை வாசித்துவிட்டு, சண்டை இல்லாமல், நண்பர்களாகவே முடித்துக்கொண்டார்கள். 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களைக் கௌரவிக்கும் ஒரு விழாவில் நால்வரும் ஒரு பாட்டு வாசித்தார்கள். ஒரே ஒரு பாட்டு. அதற்குமேல் வாசிக்க அவர்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அந்த வீடியோவில் பெரியின் முகத்தைப் பாருங்கள்.

கீழ்ஸ்தாயி:

யூ2 பற்றி ஒன்று. அண்ணா பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். டப்ளினில் 1976ல் பதினான்கு வயது லாரி மல்லன் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சீட்டு, அவர் வீட்டுச் சமையலறையில் முதல் கூட்டம். 1978லிருந்து அதே நால்வர். 1993ல் சிட்னியில் ஒரே ஒரு இரவு ஆடம் க்ளேட்டன் வர முடியாத நிலையில், அவருடைய பேஸைப் பராமரிக்கும் ஆள் நின்று வாசித்தார். அப்புறம் 2023ல் லாஸ் வேகஸ் கச்சேரிகளுக்கு லாரி வரவில்லை, அறுவை சிகிச்சை. நாற்பது கச்சேரி, வேறு டிரம்மர். நாற்பத்தைந்து வருடத்தில் இவ்வளவுதான்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பட்டியலில் இருப்பது சரிதான், ஆனால் எனக்கு அதில் மனவருத்தம். 1977ல் லண்டன் டெப்ட்ஃபோர்டில் சேர்ந்தவர்கள் மார்க் நாப்ளர், தம்பி டேவிட், ஜான் இல்ஸ்லி, பிக் விதர்ஸ். டேவிட் 1980லேயே மூன்றாவது ஆல்பம் பதிவின்போது போய்விட்டார். 2018ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்தபோது அண்ணன், தம்பி இருவருமே வரவில்லை. குழுவை அறிமுகப்படுத்திப் பேச வெளியாள் யாரும் இல்லாமல் இல்ஸ்லியே மேடையேறித் தன் குழுவைத் தானே வரவேற்றுப் பேசினார். பேஸ்காரர்கள் எப்போதும் இப்படித்தான், வீட்டைக் காலி செய்து விளக்கை அணைக்கிறவர்கள் அவர்கள்தான்.

பழையகேசட்:

கீழ்ஸ்தாயி, அந்த விழாவைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் மார்க் நாப்ளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெரிய மைதானங்கள் வேண்டாம், சின்னதாக வாசிக்க வேண்டும் என்று அவர் பல வருடமாகச் சொல்லிவருகிறார். உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்காக நமக்கு அவர்கள் கடன்பட்டவர்களா?

தாளக்கட்டு:

கடன் இல்லை அண்ணா. நமக்குக் கடன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். பிங்க் ஃப்ளாய்டைப் பாருங்கள். 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 கச்சேரி. ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மரும் நிக் மேசனும் ரிக் ரைட்டும் 24 வருடம் கழித்து ஒரே மேடை. அன்றைக்கு குழுவின் முதல் பாடகர் சிட் பேரட் கேம்பிரிட்ஜில் இருந்தார், உயிரோடு. மேடையில் வாட்டர்ஸ் அவரைக் குறிப்பிட்டுத்தான் 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டைத் தொடங்கினார். அடுத்த வருடம் ஜூலை 7, சிட் போனார். 2008 செப்டம்பரில் ரைட் போனார். கடைசியில் நால்வரும் தோளில் கை போட்டுத் தலைகுனிந்து நின்ற படம் ஒன்று இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்தப் படத்தை மறுபடி எடுக்க ஆள் இல்லை. வாட்டர்ஸும் கில்மரும் இன்று வரை சண்டை.

அந்த ஒரு மாலை நடக்காமல் போயிருந்தால்? வில்லா பார்க் மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தால்?

மெல்லிசைப்பிரியை:

தள்ளிப் போகவில்லை. அதுவே பெரிய பேறு.

ஆறுதந்தி:

ஜெனிசிஸும் அப்படி ஒரு மாலையைப் பார்த்துவிட்டது. 2022 மார்ச் 26, லண்டன், கடைசிக் கச்சேரி. ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியாது, கழுத்தெலும்புப் பிரச்சினையில் கை போய்விட்டது, உட்கார்ந்து பாடினார். டிரம்ஸில் அவர் மகன் நிக். பீட்டர் கேப்ரியல் மேடைக்கு வரவில்லை, ஆனால் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அது போதும்.

இரவுவானொலி:

ஒரு சந்தேகம், ராக் இல்லை என்று திட்டாதீர்கள். அபா? அக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஃப்ரிடா, நால்வரும் நலம். 2024ல் ஸ்வீடன் அரசர் நால்வருக்கும் விருது கொடுத்தபோது ஒன்றாக வந்து நின்றார்கள். லண்டனில் அவர்களுடைய இளவயது உருவங்களைத் திரையில் ஆடவிட்டு 2022லிருந்து நிகழ்ச்சி நடக்கிறது.

பழையகேசட்:

ராக் இல்லைதான், ஆனாலும் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறேன். நால்வரும் ஒன்றாக வந்து நின்றார்கள் என்று படிக்கவே நன்றாக இருக்கிறது.

இதுவரை சேர்ந்தவை: ஜெனிசிஸ் (ஆறுதந்தியின் விதிப்படி), 10சிசி, தி போலீஸ், டாக்கிங் ஹெட்ஸ், யூ2, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், கிராண்ட் ஃபங்க். 80 என்ற எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி ஆர்.இ.எம்., கன்ஸ் என் ரோசஸ். ஏரோஸ்மித் ஐவர். இன்னும் பெயர் இருந்தால் போடுங்கள். நான் இன்றிரவு வில்லா பார்க் ஒளிப்பதிவை எடுத்து, தாளக்கட்டு சொன்ன மாதிரி பின்னால் இருக்கிற வார்டை மட்டும் பார்க்கப் போகிறேன்.

தாளக்கட்டு:

இரண்டாவது பாட்டில் பேஸ் தனியாகத் தொடங்கும். கீசர் வாசிக்கும்போது வார்ட் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.